குடும்பத்தில் இல்லாத ஒரே ஆள்

என் வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று, என் தம்பி வைத்த பெயர் ஒன்று. இரண்டாவதுதான் நிலைத்தது. பாயிண்ட்டு. சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்தில், "என்ன, பாயிண்ட்டு இன்னும் வரலையா?" என்றுதான் கேட்பார்கள். அவருக்கும் தெரியும். சிரித்துவிட்டுப் போய்விடுவார். கோபப்படத் தெரிந்த மனிதராக இருந்திருந்தால் அந்தப் பாயிண்ட் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தே இருக்காது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால் இவருக்குத்தான் போன் வரும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அழுவார்கள், கத்துவார்கள், கதவை உதைப்பார்கள். இவர் வெளியே உட்கார்ந்துகொண்டு கதவிடுக்கில் வாயை வைத்துப் பேச்சுக் கொடுப்பார். "பயப்படாதீங்க. நான் இங்கேயேதான் இருக்கேன். உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க? பெரியவன் என்ன படிக்கிறான்?" என்று உள்ளே இருப்பவரின் ஏழு தலைமுறைக் கதையையும் கேட்டு முடிப்பதற்குள் இவருடைய உதவியாள் மேலே மோட்டாரைச் சரிசெய்துவிடுவான். முகம் தெரியாத ஆளிடம் அவ்வளவு பேசுகிற இந்த மனிதர், பெற்ற பிள்ளையிடம் இரண்டு வருடமாக ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

முதலில் பாயிண்ட் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கடைவளாகத்தில் எங்கள் மகள் ஐஸ்கிரீமுக்காகத் தரையில் புரண்டுகொண்டிருந்தாள். கோட்டு போட்ட ஒரு பெண் வந்து ஒரு சீட்டை நீட்டினாள். பெயரும் போன் நம்பரும் எழுதிப் போட்டால் குலுக்கலில் பரிசாம். எழுதிப் போட்ட எல்லாருக்குமே பரிசு விழுந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பரிசு, பெரிய ஓட்டலில் சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன்னால் "சின்னதா ஒரு விளக்கம்".

ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து விளக்கினார்கள். உல்லாச விடுதிகளில் வருடத்துக்கு ஒரு வாரம் நமக்கே நமக்குச் சொந்தமாம். அந்த வாரத்தைப் பாயிண்ட்டாகக் கணக்கில் போட்டு வைப்பார்களாம். எந்த ஊரில் வேண்டுமானாலும் போய் அந்தப் பாயிண்ட்டைக் கொடுத்துத் தங்கலாமாம். நான் மேசைக்கடியில் அவர் காலை ஓங்கி மிதித்தேன். மனிதர் காலை நகர்த்தி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும், "உங்களுக்கு என்ன கிறுக்கு புடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"பாவம், அந்தப் பொண்ணு நின்னுக்கிட்டே பேசிச்சு. ஒரு வாய் தண்ணிகூட குடிக்கல" என்றார்.

அந்தப் பெண் குடிக்காத தண்ணீரை அந்தக் கம்பெனி பன்னிரண்டு வருடமாக எங்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளி விடுமுறையில் கேட்டால் அறை காலியில்லை. விடுமுறை இல்லாத சமயத்தில் அறை உண்டு, பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஒருமுறை எல்லாம் கூடிவந்து பெட்டியும் கட்டிவிட்டோம். விடுதியில் வெள்ளையடிக்கிறார்கள் என்று செய்தி வந்தது. நாங்கள் எங்கும் போகவில்லை. ஆனால் பராமரிப்புக் கட்டணம் என்று ஒன்று மட்டும் வருடம் தவறாமல் வந்து நிற்கும். போகாத விடுதியின் பார்க்காத தோட்டத்துக்கு நாங்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

அந்தக் கட்டணம்தான் என் மகனை வீட்டைவிட்டு விரட்டியது. அவனுக்கு ஒரு ஸ்கூட்டர் இருந்தது. வாங்கியது இல்லை. காயலான் கடையிலிருந்து துண்டு துண்டாக எடுத்து வந்து, படியடியில் உட்கார்ந்து, ஒரு வருடம் மெனக்கெட்டு அவனே பூட்டியது. சைலன்சர் ஒன்றுதான் பாக்கி. பயிற்சிக்காக அவன் வெளியூர் போயிருந்த நேரத்தில் கட்டணம் கட்டக் கடைசி நாள் வந்துவிட்டது. இவருக்குப் படியடியில் சும்மா கிடக்கிற இரும்பு கண்ணில் பட்டது. ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டார். அவன் திரும்பி வந்து, வெறும் தரையைப் பார்த்துவிட்டு, "ஏன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். இவர் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலமே அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அதற்குப் பிறகு நான் வீட்டில் பொண்டாட்டியும் இல்லை, அம்மாவும் இல்லை. தபால்காரி. அவன் போன் செய்தால், "அவருக்கு முட்டிவலி எப்படி இருக்குன்னு கேளும்மா" என்பான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இவர், "பரவாயில்லைன்னு சொல்லு" என்பார். "குளிர்ல வண்டி ஓட்ட வேணாம்னு சொல்லு" என்பார். "எங்கிட்ட ஏது வண்டின்னு கேளும்மா" என்பான் அவன். நான் இரண்டு பேரையும் திட்டிவிட்டு போனை வைப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் போன மாதம் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. சேர்ந்து கிடக்கிற பழைய பாயிண்ட் எல்லாம் இந்த மாதக் கடைசியோடு காலாவதி. ஆனால் அதற்குள் விரும்பினால் கப்பல் பயணத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நான்கு பேருக்குக் குடும்ப அறை. கடலில் ஐந்து ராத்திரி. எங்களிடம் இருந்த பாயிண்ட் மிகச் சரியாகப் போதும்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்து நின்றார்.

"நாலு பேருக்கும் ஒரே ரூம். ஜன்னலைத் திறந்தா கடல்" என்றார்.

"உங்க பிள்ளை வருவானா?"

"நீ கூப்பிட்டா வருவான்" என்றார். கொஞ்சநேரம் குழாயைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஸ்கூட்டரைத்தான் வித்துட்டேன். கப்பலாவது காட்டலாமே" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. தப்பு என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதைச் சொல்ல அவருக்கு ஒரு கப்பல் தேவைப்பட்டது. என் கணக்கு வேறு. வீடென்றால் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். கடலுக்கு நடுவில் எங்கே போவான்? ஐந்து நாள் ஒரே அறையில் இரண்டு பேரையும் போட்டுப் பூட்டினால் யாராவது ஒருவர் வாயைத் திறந்துதானே ஆகவேண்டும்! அதற்காகவே அந்தக் கப்பல் எனக்கு வேண்டியிருந்தது. கடல் பார்க்கிற ஆசையும் இருந்தது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அவரும் வர்றாரா?" என்றான். "அவர் பாயிண்ட்டுடா, அவர் வராம?" என்றேன். "பார்க்கலாம்" என்று வைத்துவிட்டான். ஆனால் அன்றைக்கே தன் பாஸ்போர்ட்டைப் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பிவிட்டான். அதைப் பார்த்து இவர், "போட்டோல இளைச்சிருக்கானே" என்றார், அது ஐந்து வருடத்துக்கு முன்னால் எடுத்த படம் என்பதுகூடத் தோன்றாமல்.

அதற்குப் பிறகு தொடங்கியது பாருங்கள் கூத்து. மகள் கம்ப்யூட்டரில் எல்லார் பெயரையும் அடிப்பாள். கடைசிப் பக்கம்வரை போகும். சிவப்பு எழுத்தில், "தகவல் பொருந்தவில்லை" என்று வந்து நிற்கும். எது பொருந்தவில்லை என்று அது சொல்லாது. போன் செய்தால், தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொல்லும். அழுத்தினால் பாட்டுப் போடுவார்கள். பாட்டு முடிந்து ஒரு பையன் வருவான், முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "வேற பிரிவுக்கு மாத்தறேன் சார்" என்பான். மாற்றியதும் லைன் போய்விடும். மறுநாள் வேறொரு பையன், மறுபடி முதலிலிருந்து. இவர் ஒவ்வொருவனிடமும், "சாப்டீங்களா தம்பி?" என்று விசாரித்துக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசி நாளும் வந்தது. அவர் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். சாப்பாட்டு மேசையில் அவருடைய போனை எல்லாரும் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு, மகளும் நானும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். அன்று ஒரு பெண் எடுத்தாள். நிதானமான குரல். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, எங்கள் பதிவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஓ, இதுவா?" என்றாள். எனக்கு உயிரே வந்த மாதிரி இருந்தது.

"சார், இது குடும்ப அறை. ஒரே குடும்பப்பெயர் இருக்கிறவங்களுக்குத்தான் குடுப்பாங்க. உங்க பதிவுல மூணு பேருக்கு ஒரே பேர் வருது. ஒருத்தருக்கு மட்டும் வேற பேர் வருது. அதான் ஒத்துக்க மாட்டேங்குது."

"யாருக்கும்மா வேற பேர்?" என்று கேட்டார் இவர்.

"உங்களுக்குத்தான் சார்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகுதான் உறைத்தது. எங்களுக்கெல்லாம் ஏது குடும்பப்பெயர்? அப்பா பெயரைப் பின்னால் போட்டுக்கொள்கிறோம். பாஸ்போர்ட் எடுக்கிறபோது குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் இவர் பெயரைப் போட்டோம். எனக்கும் புருஷன் பெயர் என்று இவர் பெயரையே போட்டோம். இவருக்கு இவருடைய அப்பா பெயர். ஆக, அந்தக் கம்ப்யூட்டர் கணக்குப்படி நான், மகன், மகள் மூவரும் ஒரு குடும்பம். எங்கள் மூன்று பேருக்கும் பெயர் கொடுத்த மனிதர் மட்டும் வெளியாள். அவர் குடும்பத்தில் இருக்கிற ஒரே ஆள் என் மாமியார். அவர் போய்ச்சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அவரைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏற முடியாது.

"ஏம்மா, உனக்குத் தமிழ் தெரியுதே, உனக்கே புரிய வேணாமா?" என்றேன்.

"புரியுது மேடம். எங்க வீட்லயும் இதே கதைதான். சிஸ்டம் ஒத்துக்கணுமே!"

"கல்யாணச் சர்ட்டிபிகேட் இருக்கு. இப்பவே அனுப்பறேன்."

"அனுப்பலாம் மேடம். சரிபார்க்கப் பத்து வேலைநாள் ஆகும்."

"பாயிண்ட் இன்னிக்கு ராத்திரியோட போயிடுமே!"

"ஆமா மேடம்" என்றாள், அதே நிதானத்தோடு. எனக்குப் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல வந்தது. பன்னிரண்டு வருடம் கட்டணம் வாங்கும்போது யாராவது குடும்பப்பெயர் கேட்டார்களா? அப்போதெல்லாம் இனித்த பெயர் இப்போது பொருந்தவில்லையாம்.

அவள் கொஞ்சம் தயங்கி, "ஒரு வழி இருக்கு சார். உறுப்பினர் தன்னோட பாயிண்ட்டை வேற ஒரு குடும்பத்துக்குப் பரிசாக் குடுக்கலாம். அந்த மூணு பேருக்கும் இப்பவே உறுதி பண்ணிடுவேன். நீங்க மட்டும் போக முடியாது" என்றாள்.

"தேவையே இல்லை" என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவர், "அப்படியே பண்ணிடும்மா" என்றார்.

"உங்களுக்குப் புத்தி இருக்கா?" என்று கத்திவிட்டேன்.

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "அவன் போகட்டும். நான் வர்றேன்னா அவன் எப்படியும் கடைசி நேரத்துல மாட்டேன்னுடுவான். எனக்குத் தெரியும். நான் இல்லைன்னா சந்தோஷமா வருவான். அவனுக்காகத்தானே இவ்வளவும்?" என்றார். கண் கலங்கியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் அவரைத் திட்டாத நாளில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் திட்ட முடியவில்லை.

பயணம் போகிற பெரியவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் குரலில் உறுதி சொல்ல வேண்டுமாம், எல்லாம் பதிவாகுமாம். அந்தப் பெண் முதலில் என்னைக் கேட்டாள். "மேடம், உங்க குடும்பத்துல எத்தனை பேர்?"

இவர் என் கையை அழுத்தினார். "மூணு" என்றேன். சொன்ன வாயைக் கழுவவேண்டும் போல இருந்தது. பக்கத்தில் மகள், "அம்மா!" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்தது மகன். அவன் ஒரு மருந்துக் கிடங்கில் சரக்கு அனுப்புகிற பிரிவில் இருக்கிறான். அந்தப் பெண்ணே அவனையும் அதே லைனில் சேர்த்தாள். அவன் எடுத்ததும், குடும்பப்பெயரைச் சொல்லி, மரியாதையாகக் கூப்பிட்டாள். அதாவது என் வீட்டுக்காரர் பெயரை.

"சொல்லுங்க" என்றார் இவர், பழக்கதோஷத்தில்.

"சொல்லுங்க" என்றான் அவனும், அதே நேரத்தில், அதே மாதிரி.

அந்தப் பெண் குழம்பிப்போய், மகனிடம் எல்லாவற்றையும் விளக்கினாள். உறுப்பினருக்குக் குடும்பப்பெயர் வேறு, அதனால் அவர் வரமுடியாது, பரிசாகக் கொடுத்துவிட்டார், நீங்கள் உறுதி செய்தால் போதும் என்றாள். பிறகு அதே கேள்வி. "உங்க குடும்பத்துல எத்தனை பேர் சார்?"

அவன் மூன்று என்று சொல்லிவிட்டால் கப்பல் கிடைக்கும். ஆனால் இந்த மனிதர் இங்கேயே உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும்.

"நாலு" என்றான்.

"இல்ல சார், சிஸ்டத்துல மூணுன்னு இருக்கு."

"நாலு பேருங்க."

"சார், பதில் பொருந்தலைன்னா கோரிக்கை ரத்தாயிடும். மூணுன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா இப்பவே டிக்கெட் வந்துடும்" என்று அந்தப் பெண் கெஞ்சாத குறையாகச் சொன்னாள்.

இவருக்குப் பொறுக்கவில்லை. போனுக்கு மேல் குனிந்து, "டேய், மூணுன்னு சொல்லிடுடா. கப்பல் போயிடும்டா" என்றார். இரண்டு வருடத்தில் அவனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கப்பா!" என்று அவன் சீறினான். பிறகு அந்தப் பெண்ணிடம், "இப்ப என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க? அது யார் பேரு? இங்க எல்லாரும் என்னை அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க. சட்டையில அதைத்தான் தைச்சுக் குடுத்திருக்காங்க. நாள் பூரா அவர் பேருக்குத் திரும்பிப் பார்க்கிறவன் நான். அவர் குடும்பத்துல இல்லைன்னு எங்கிட்டயே சொல்லச் சொல்றீங்களே! அவர்மேல எனக்கு ஆயிரம் கோவம் இருக்கும். அது எங்க வீட்டு விஷயம். உங்க சிஸ்டத்துக்கு அதுல என்ன வேலை? நாலு பேர். எழுதிக்கோங்க" என்றான்.

"ரத்தாயிடுச்சு சார். என்னை மன்னிச்சுடுங்க" என்றாள் அந்தப் பெண். உண்மையாகவே வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது. லைன் போய்விட்டது. எல்லாருக்கும் போய்விட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கம்பெனியை, அந்தச் சிஸ்டத்தை, கோட்டு போட்ட அந்தப் பழைய பெண்ணை எல்லாரையும் வாய் ஓயாமல் திட்டினேன். பன்னிரண்டு வருடப் பாயிண்ட், ஒரு மூச்சில் ஒன்றுமில்லாமல் போயிற்று. கடலும் போச்சு, ஐந்து நாளும் போச்சு. இனி இவர்கள் இரண்டு பேரையும் எந்த அறையில் போட்டுப் பூட்டுவேன்? மகள் கம்ப்யூட்டரை மூடிவிட்டு, "அம்மா, போதும்மா" என்றாள்.

இவர் எதுவும் காதில் வாங்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பான்னு சொன்னான், கேட்டியா?" என்றார்.

"கேட்டேன். சும்மா இருங்கன்னும் சொன்னான்."

"அதைச் சொல்லும்போதுதான் சொன்னான்" என்றார். பிறகு போனை எடுத்து, என்னிடம் கொடுக்காமல், அவரே அவன் நம்பரைப் போட்டார். காதில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். முகம் விழுந்துவிட்டது. "பிஸின்னு வருது" என்றார். வைத்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் பிஸி. இன்னொரு தரம் போட்டார். "கோவத்துல எவன்கிட்டயோ பேசிட்டிருக்கான் போல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் போட்டார்.

அடுப்படியில் கிடந்த என் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். மகன்தான்.

"அம்மா, அப்பா போன் பிஸியாவே இருக்கும்மா" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. "எத்தனை தரம் போடறது? அப்படி யார்கிட்டதாம்மா பேசிக்கிட்டிருக்கார்?"

"உன்கிட்டதாண்டா" என்று சொல்லி, என் போனைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன்.